ஸ்க்ரீன் கிழிஞ்சா படம் ஓடாது!

மக்களே, இந்த வாரம் கொஞ்சம் சீரியஸ் மேட்டர். உங்க கிளாஸை ஒரு ரவுண்டு பாருங்க. கண்ணாடி போட்டவங்கள்ல 'மைனஸ் பவர்' யாரெல்லாம்னு கேட்டா, முக்கால்வாசி கை மேல போகும். அடுத்து, 'வீட்டுல அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யாருக்காவது சுகர் இருக்கா?'ன்னு கேளுங்க. மிச்சக் கையும் மேல போயிடும். ஆக, இந்தப் பக்கம் உங்க எல்லாருக்கும்தான்!

மேட்டர், ரெட்டினா. அழகான தமிழ்ல விழித்திரை. கண்ணோட உள்பக்கம், பின்சுவத்துல ஒட்டின வால்பேப்பர் மாதிரி ஒரு சவ்வு. கனம் சுமார் கால் மில்லிமீட்டர். அதுக்குள்ள வெளிச்சத்தை உணர சுமார் 10 கோடி செல்கள். ஆனா, அங்கேர்ந்து மூளைக்குப் போற நரம்பு இழைகள் சுமார் 10 லட்சம்தான். அப்படின்னா, நமக்குத் தெரியாமலே கண்ணுக்குள்ள டேட்டா கம்ப்ரஷன் ஓடிக்கிட்டிருக்கு. ஈ.சி.இ. மக்கள் எழுந்து ஒரு சல்யூட் வைங்க!

இவ்வளவு வேலை பார்க்கிற ஸ்க்ரீனுக்கு ஒரு பெரிய குறை உண்டு. வலி தெரியாது. கிழிஞ்சாலும் சரி, ரத்தம் கசிஞ்சாலும் சரி, சத்தமே போடாது. பல் வலிச்சா பாதி ராத்திரியில டாக்டரைத் தேடுறோம் இல்லையா? ரெட்டினா விஷயத்துல அந்த அலாரமே கிடையாது. அறிகுறிகளை நாமதான் தெரிஞ்சு வெச்சுக்கணும்.

மைனஸ் பார்ட்டிகளே, ஒரு நிமிஷம்!

கிட்டப்பார்வை இருக்கிற கண்ணு, பொதுவா சாதாரணக் கண்ணைவிடக் கொஞ்சம் நீளம். சின்ன மெத்தைக்குத் தைச்ச பெட்ஷீட்டைப் பெரிய மெத்தையில இழுத்துச் செருகினா எப்படி இருக்கும்? அதே கதிதான் ரெட்டினாவுக்கும். ஓரத்துல மெலிஞ்சு, சில பேருக்குக் கிழிஞ்சிடும். அந்தக் கிழிசல் வழியா கண்ணுக்குள்ள இருக்கிற திரவம் பின்னாடி புகுந்து, சுவத்துலேர்ந்து வால்பேப்பரை உரிக்கிற மாதிரி ரெட்டினாவைப் பிரிச்சிடும்.

1993-ல அமெரிக்காவுல வெளியான ஒரு ஆய்வு, மைனஸ் 1-லேர்ந்து 3 வரைக்கும் பவர் உள்ளவங்களுக்கு இந்த ஆபத்து நாலு மடங்கு, 3-க்கு மேல போனா பத்து மடங்குன்னு சொல்லுது. பதறாதீங்க! பொதுவா இது வருஷத்துக்குச் சுமார் பத்தாயிரம் பேர்ல ஒருத்தருக்கு வர்ற பிரச்னை. பத்து மடங்குன்னாலும் ஆயிரத்துல ஒருத்தர்தான். ஆனா அந்த ஒருத்தர் நீங்களா இருந்தா என்ன பண்ணணும்னு தெரிஞ்சிருக்கணும்.

மூணே மூணு அடையாளம். ஒண்ணு, கண்ணு முன்னாடி கொசு, நூல், கரும்புள்ளி மாதிரி திடீர்னு நிறைய மிதக்கும். (வருஷக்கணக்கா ஒண்ணு ரெண்டு மிதந்துக்கிட்டிருந்தா, அது பெரும்பாலும் சாதாரணம்தான். புதுசா கூட்டமா வந்தாதான் வம்பு.) ரெண்டு, இருட்டுலகூட ஓரத்துல ஃப்ளாஷ் அடிக்கிற மாதிரி மின்னும். மூணு, பார்வையோட ஒரு பக்கத்துலேர்ந்து ஜன்னல் திரை மாதிரி நிழல் இறங்கும்.

இதுல எது வந்தாலும் அன்னைக்கே கண் டாக்டரைப் பார்த்தாகணும். வெறும் கிழிசல்னா, சுத்தியும் லேசரால வெல்டிங் வெச்ச மாதிரி ஒட்டிட்டு, பெரும்பாலும் அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. பிரிஞ்சிருந்தா ஆபரேஷன். ரெட்டினாவோட நடுப்புள்ளிக்குப் பேர் மேக்குலா. எழுத்து படிக்கிறதும் முகம் அடையாளம் பார்க்கிறதும் அதாலதான். அது பிரியறதுக்குள்ள போயிட்டா, நல்ல பார்வையைக் காப்பாத்த வாய்ப்பு ரொம்ப அதிகம். அதுவும் பிரிஞ்சிட்டா, திரும்ப ஒட்டினாலும் பழைய பார்வை முழுசா கிடைக்காமப் போகலாம். 'இன்டர்னல் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்'னு தள்ளிப்போடக்கூடாத விஷயம் இது. அரியரை அடுத்த செமஸ்டர்ல க்ளியர் பண்ணலாம். மேக்குலாவுக்கு சப்ளிமெண்டரி எக்ஸாம் கிடையாது, பாஸ்!

'நான்தான் லேசிக் பண்ணி கண்ணாடியைத் தூக்கிப் போட்டுட்டேனே'ன்னு யாராவது சிரிச்சா, அவங்களுக்கும் ஒரு தகவல். லேசிக் மாத்துறது முன்னாடி இருக்கிற கருவிழியோட வளைவை மட்டும்தான். கண்ணோட நீளம் அப்படியேதான் இருக்கும், இழுபட்ட ரெட்டினாவும் அப்படியேதான் இருக்கும். புது டாக்டர்கிட்ட போறப்போ பழைய பவரைச் சொல்ல மறக்காதீங்க.

அப்பாவுக்கு சுகர்னா...

சுகர் ரொம்ப நாள் அதிகமா இருந்தா, ரெட்டினாவோட மெல்லிசு ரத்தக்குழாய்கள் கசியும், அடைச்சுக்கும். பட்டினி கிடக்கிற ரெட்டினா புதுசா குழாய்களை வளர்க்கும். அதெல்லாம் தரமில்லாத கான்ட்ராக்டர் போட்ட பைப் மாதிரி, சட்டுனு உடைஞ்சு ரத்தம் கொட்டும்.

இதுல கொடுமை என்னன்னா, ஆரம்பத்துல பார்வை பக்காவா இருக்கும். 'பேப்பர் படிக்கிறேன், பஸ் போர்டு தெரியுது, எனக்கென்ன?'ன்னு அப்பா கேட்பார். அவர் சொல்றது பொய்யில்லை. தெரியாம இருக்கிறதுதான் வியாதியோட குணமே. அதனால, டைப் 2 சுகர்னு தெரிஞ்ச உடனேயே ஒரு ரெட்டினா செக்கப், அப்புறம் வருஷா வருஷம். டைப் 1-ன்னா, பொதுவா சுகர் வந்து 5 வருஷத்துக்குள்ள முதல் செக்கப்.

சுகர் கன்ட்ரோலுக்கு எவ்வளவு பவர்? 1993-ல முடிவு வெளியான ஆய்வு ஒண்ணுல, டைப் 1 உள்ள 1,441 பேர் கலந்துக்கிட்டாங்க. சுகரைக் கறாரா கட்டுப்படுத்தினவங்களுக்கு, புதுசா ரெட்டினா பாதிப்பு வர்ற ஆபத்து 76 சதவிகிதம் குறைஞ்சிருந்தது. கூடவே பி.பி.யையும் கட்டுக்குள்ள வைக்கணும். பாதிப்பு முத்தினாலும் லேசர், கண்ணுக்குள்ள போடுற ஊசி, ஆபரேஷன்னு வழி இருக்கு. (ஊசின்னதும் அலறாதீங்க, மரத்துப்போக வெச்சிட்டுதான் போடுவாங்க!) ஆனா இதெல்லாம் முக்கியமா இருக்கிறதைக் காப்பாத்தத்தான். போன பார்வை எல்லாம் திரும்பி வரும்னு கேரண்டி இல்லை.

செக்கப்ல கண்மணியை விரிக்க சொட்டு மருந்து விடுவாங்க. அப்புறம் சில மணி நேரம் கண்ணு கூசும், பக்கத்துல இருக்கிற எழுத்து மங்கலாத் தெரியும். வண்டி ஓட்ட முடியாது. தனியாப் போய்ட்டு வர முடியாதுன்னே நிறைய அப்பாக்கள் 'அடுத்த மாசம்' சொல்லுவாங்க. அங்கதான் நம்ம என்ட்ரி. வண்டிச் சாவி நம்ம கையில, அப்பா பின் சீட்ல!

கிராஃப் ஷீட்டுக்கு இன்னொரு யூஸ்

தாத்தா, பாட்டிக்கு வயசானதால மேக்குலா பாதிக்கலாம். ஸ்விஸ் டாக்டர் மார்க் ஆம்ஸ்லர் இதுக்கு எளிமையா ஒரு டெஸ்ட் கொடுத்தார். 10 செ.மீ. சதுரம், உள்ள 5 மி.மீ. கட்டங்கள், நடுவுல ஒரு புள்ளி. படிக்கிற கண்ணாடியைப் போட்டு, 30 செ.மீ. தூரத்துல வெச்சு, ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் புள்ளியைப் பார்க்கணும். அப்புறம் அடுத்த கண்ணு. கோடு நெளிஞ்சாலோ, கட்டம் காணாமப் போனாலோ, உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. எல்லாம் நேராத் தெரிஞ்சா சந்தோஷம். ஆனா ஓரத்துக் கிழிசலையும் ஆரம்பகட்ட சுகர் பாதிப்பையும் இது காட்டிக்கொடுக்காது. செக்கப்புக்கு லீவு கிடையாது!

சூரியன் சொல்லிக்கொடுத்த பாடம்

1945 ஜூலை மாசம் ஜெர்மனியில சூரிய கிரகணம். அதை வெறும் கண்ணால பார்த்த ஒரு மெடிக்கல் ஸ்டூடண்டுக்கு மேக்குலா வெந்துடுச்சு. அவரைப் பார்த்த டாக்டர் மேயர் ஷ்விக்கெராத், 'வெளிச்சத்தால ரெட்டினாவுல தழும்பு விழும்னா, அந்தத் தழும்பாலயே கிழிசலை ஒட்ட முடியாதா?'ன்னு யோசிச்சார். சூரிய வெளிச்சத்தையே வெச்சு முயற்சி பண்ணி, அப்புறம் செனான் விளக்குக்கு மாறினார். அந்த ரூட்ல வந்ததுதான் இன்னைக்கு இருக்கிற லேசர் சிகிச்சை. ஒரு காலேஜ் பையனோட பார்வை போன சோகத்துலேர்ந்து, எத்தனையோ பேரோட பார்வையைக் காப்பாத்துற வழி கிடைச்சது.

சரி, இந்த வார அசைன்மெண்ட்: ஊருக்குப் போன் போடுறப்போ, 'சாப்டியா'வுக்கு அடுத்த கேள்வியா, 'கண்ணுல சொட்டு மருந்து விட்டு செக்கப் பண்ணி எத்தனை நாளாச்சு?'ன்னு கேளுங்க. பதில் ஒரு வருஷத்துக்கு மேலன்னா, அடுத்த லீவுல முதல் புரோகிராம் அதுதான்!