ரூஹுக்குக் கோடெலின் சாட்சியம் தேவையில்லை



சில வாரங்களுக்கு முன்பு இளைஞர்களுக்கென நடைபெற்ற மார்க்க அமர்வொன்றில் கலந்துகொள்ளும் வாய்ப்புக் கிட்டியது. செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேச வந்த சகோதரர், தம் உரையை இவ்வாறு முழங்கி முடித்தார்: “மனிதன் இயந்திரம் அல்லன் என்பதைக் கணிதமே நிரூபித்துவிட்டது! கோடெல் என்னும் அறிஞரின் தேற்றம், மனிதனுக்கு ரூஹ் உண்டு என்பதற்கு மறுக்க முடியாத ஆதாரம்!” அரங்கம் தக்பீர் முழக்கத்தால் அதிர்ந்தது.

கல்லூரியில் கணினி அறிவியல் பயிலும் என் மருமகன் மட்டும் வழிநெடுகப் பேசாமல் வந்தான். வீட்டை நெருங்கும்போது கேட்டான்: “மாமா, அந்தத் தேற்றத்தை இந்தப் பருவத்தில்தான் படித்தோம். அவர் சொன்னது அதில் இல்லையே. நான் அறிந்த ஒன்றையே தவறாகச் சொல்கிறார் என்றால், நான் அறியாதவற்றில் அவரை எப்படி நம்புவது?”

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இதே கேள்வியை மனத்துக்குள் வைத்திருக்கக்கூடும். வாய்விட்டுக் கேட்பவர் சிலரே. ஆகவே, சிலருக்குக் கசப்பாக இருந்தாலும் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோடெலின் தேற்றம் ரூஹை நிரூபிக்கவில்லை. நிரூபிப்பதாகச் சொல்வது கணிதத்துக்கும் நேர்மையன்று, மார்க்கத்துக்கும் நன்மையன்று.

முதலில், அந்தத் தேற்றம் கூறுவது என்ன?

கணிதத்தின் உண்மைகள் யாவற்றையும் சில அடிப்படைக் கூற்றுகளிலிருந்தும் சில விதிகளிலிருந்தும் படிப்படியாக வருவித்துவிடலாம் என்னும் பெருநம்பிக்கை சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலவியது. ஜெர்மானியக் கணித மேதை ஹில்பர்ட் அம்முயற்சியின் தலைவராக விளங்கினார். ஆஸ்திரியாவைச் சேர்ந்த குர்ட் கோடெல் என்னும் இளைஞர் 1930-இல் கோனிக்ஸ்பெர்க் நகரில் நடைபெற்ற மாநாட்டில் ஒரு முடிவை அறிவித்தார். 1931-இல் அதை வெளியிட்டார். அப்போது அவருடைய வயது 25-ஐத் தாண்டவில்லை.

அவர் கையாண்ட வழி வியப்புக்குரியது. கணிதக் குறியீடுகளுக்கும் வாக்கியங்களுக்கும் எண்களை வழங்கினார். அதன் மூலம், எண்களைப் பற்றிப் பேசும் கணிதம் தன்னைப் பற்றியே பேசுமாறு செய்தார். பின்னர், “இந்த அமைப்பின் விதிகளால் என்னை நிறுவ முடியாது” என்று தன்னைப் பற்றியே கூறும் வாக்கியம் ஒன்றை அமைத்துக் காட்டினார். அமைப்பு அவ்வாக்கியத்தை நிறுவிவிட்டால் அது முரண்பாட்டில் சிக்கும். அமைப்பு முரணற்றது என்றாலோ, அதனால் அவ்வாக்கியத்தை நிறுவ முடியாது. அப்படியானால் அவ்வாக்கியம் கூறுவது உண்மையாகிறது. எண்கணிதத்தை உள்ளடக்கும் அளவு வலிமையுடைய, முரணற்ற, விதிகளால் இயங்கும் எந்த அமைப்பும் இதற்கு விலக்கன்று. அத்தகைய அமைப்பு தன் முரணின்மையைத் தானே நிறுவ இயலாது என்பது அவர் கண்ட இரண்டாவது தேற்றம்.

இதை வைத்து மனித மனத்தைப் பற்றி வாதிட்டவர்களுள் முதன்மையானவர் ஆக்ஸ்ஃபோர்டின் தத்துவ அறிஞர் ஜே. ஆர். லூக்காஸ். 1961-இல் வெளியான கட்டுரையில் அவர் கூறியதன் சாரம் இது: கணினி என்பதும் விதிகளால் இயங்கும் அமைப்பே, எனவே அதனால் நிறுவ முடியாத வாக்கியம் ஒன்று உண்டு. ஆனால் வெளியில் நின்று பார்க்கும் நாம் அது உண்மை என்று அறிகிறோம். ஆகவே நம் மனம் எந்தக் கணினியும் அன்று. இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸ் 1989-இலும் 1994-இலும் வெளியிட்ட நூல்களில் இவ்வாதத்தை மேலும் விரித்தார். 2020-இல் அவர் நோபல் பரிசு பெற்றதைச் சுட்டி, “நோபல் அறிஞரே ஒப்புக்கொண்டார்” என்று நம்மவர்கள் பேசுகிறார்கள். அப்பரிசு கருந்துளைகளைப் பற்றிய ஆய்வுக்காக வழங்கப்பட்டது. இந்த வாதத்துக்காக அன்று.

வாதம் எங்கே இடறுகிறது? ஒரே ஒரு சொல்லில்: “முரணற்றது என்றால்.”

கோடெல் காட்டியது ஒரு நிபந்தனை வாக்கியம். “இவ்வமைப்பு முரணற்றது என்றால், இவ்வாக்கியம் உண்மை.” இந்த நிபந்தனை வாக்கியத்தை அந்த அமைப்பே நிறுவிக்கொள்ளும், அதற்கு மனிதன் தேவையில்லை. மனிதன் இயந்திரத்தை மிஞ்ச வேண்டுமானால், நிபந்தனையை நீக்கிவிட்டு, “ஆம், இவ்வமைப்பு முரணற்றதே” என்று உறுதியாக அறிய வேண்டும். சிறிய அமைப்பாயின் அறியலாம். மனித அறிவு முழுவதையும் தனக்குள் அடக்கும் ஓர் இயந்திரம் இருக்குமாயின், அது முரணற்றது என்று நமக்கு எப்படித் தெரியும்? இக்குறையை அமெரிக்க அறிஞர் ஹிலரி புட்னம் 1960-லேயே, அதாவது லூக்காஸின் கட்டுரை அச்சேறும் முன்பே, சுட்டிக்காட்டிவிட்டார். பென்ரோஸின் நூலைச் சாலமன் ஃபெஃபர்மன் போன்ற தருக்கவியல் வல்லுநர்கள் வரிவரியாக ஆராய்ந்து பிழைகளை எடுத்துரைத்தனர். இவர்கள் மார்க்க விரோதத்தால் எழுதியவர்கள் அல்லர். தம் துறையின் கணக்கைச் சரிபார்த்தவர்கள்.

மனிதன் தன் முரணின்மையை அறிய இயலுமா என்பதற்கு வரலாறே ஒரு பாடம் வைத்திருக்கிறது. ஃபிரேகே என்னும் பேரறிஞர் பல்லாண்டுகள் உழைத்து, எண்கணிதத்துக்குத் தருக்கத்தில் அடித்தளம் அமைத்தார். நூலின் இரண்டாம் பாகம் அச்சில் இருந்த வேளையில், 1902-இல், ரஸ்ஸலிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அடிப்படை விதிகளுள் ஒன்றிலிருந்து நேரடியான முரண்பாடு பிறக்கிறது என்பதை அது காட்டியது. தம் அமைப்பு முரணற்றது என்று நம்பியிருந்தார் ஃபிரேகே. அந்த நம்பிக்கையே தவறாயிருந்தது.

இங்கு ஒரு முஸ்லிம் நின்று சிந்திக்க வேண்டும். லூக்காஸின் வாதம் வெல்ல வேண்டுமானால், மனித மனம் தன்னிடம் முரண்பாடே இல்லை என்று தானே சான்று கூறிக்கொள்ள வேண்டும். மனிதன் பலவீனனாகவே படைக்கப்பட்டான் என்று அல்லாஹ் அந்நிஸா அத்தியாயத்தில் (4:28) அறிவிக்கிறான். ஆதமுடைய மக்கள் அனைவரும் தவறிழைப்பவர்களே, அவர்களுள் சிறந்தோர் பாவமன்னிப்புக் கோருவோர் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் போதித்தார்கள். மனிதனின் பிழையின்மையை அடித்தளமாகக் கொண்ட வாதத்தையா ரூஹுக்கு ஆதாரமாக மேடையேற்றுவது?

கோடெல் தம் வாழ்நாளில் இத்தனை துணிவாகப் பேசவில்லை. 1951-இல் அமெரிக்காவில் ஆற்றிய உரையில் அவர் இரண்டிலொன்று என்றே கூறினார்: ஒன்று, மனித மனம் எந்த இயந்திரத்தையும் எல்லையின்றி விஞ்சுவதாக இருக்க வேண்டும், அன்றேல், மனிதனால் ஒருபோதும் தீர்க்க முடியாத கணிதக் கேள்விகள் இருக்க வேண்டும். தனிப்பட்ட முறையில் முதலாவதையே அவர் நம்பினார். ஆயினும் தம் நம்பிக்கையைத் தேற்றம் என்று அவர் விற்கவில்லை. தேற்றத்தைக் கண்டவர் காத்த எல்லையை, அதைக் கேள்விப்பட்டவர் ஏன் மீற வேண்டும்?

“நல்ல நோக்கத்துக்குத்தானே சொல்கிறார்கள்? கேட்பவரின் ஈமான் பெருகுமே. அதை ஏன் கெடுக்கிறீர்கள்?” என்று சிலர் கேட்கலாம். இதற்கு விடை நபிகளாரின் வாழ்விலேயே இருக்கிறது.

ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டில், நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் பால்குடிப் பருவத்திலேயே மரணமடைந்தார். அன்று சூரிய கிரகணம் பிடித்தது. இப்ராஹீமின் மறைவுக்காகவே சூரியன் இருண்டது என்று மதீனாவின் மக்கள் பேசிக்கொண்டார்கள். தம்மைத் தேடிவந்த இந்தச் “சான்றை” நபியவர்கள் ஏற்றார்களா? மகனை இழந்த துயரத்திலும் மக்களை நோக்கி, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளுள் உள்ளவை. எவருடைய மரணத்துக்காகவும் வாழ்வுக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று அறிவித்தார்கள். அன்று அவர்கள் வாய் திறவாமல் இருந்திருந்தாலே போதும். பல்லாயிரம் பேர் அதை அற்புதமாகக் கொண்டாடியிருப்பார்கள். பொய்யான சான்றால் வரும் பெருமையை அவர்கள் விரும்பவில்லை.

அதே கிரகணத்தை எடுத்துக்காட்டியே, ஹிஜ்ரி 505-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் நம்மை எச்சரிக்கிறார்கள். தத்துவவாதிகளை மறுத்து எழுதிய ‘தஹாஃபுத்துல் ஃபலாசிஃபா’ என்னும் நூலின் முன்னுரையில், கணிதத்தால் நிறுவப்பட்ட ஒன்றை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவன், மார்க்கத்துக்கே தீங்கிழைக்கிறான் என்கிறார்கள். கணிதத்தை அறிந்தவன் கணிதத்தை ஐயுறமாட்டான், மார்க்கத்தையே ஐயுறுவான். முறையற்ற வழியில் மார்க்கத்துக்கு உதவுவோரால் விளையும் கேடு, அதை எதிர்ப்போரால் விளையும் கேட்டைவிடப் பெரிது என்பது அவர்களின் கருத்து. கணிதம் நிறுவியதை மறுப்பதற்குப் பொருந்தும் இவ்வெச்சரிக்கை, அது நிறுவாததை நிறுவியதாகச் சொல்வதற்கும் பொருந்தும். என் மருமகனின் கேள்வி, கஸ்ஸாலி இமாம் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் அஞ்சிய அதே கேள்விதான்.

எதிர்த்தரப்பாரும் இதில் மகிழ இடமில்லை. காழியின் மன்றத்தில் ஒருவர் கொண்டுவந்த சாட்சி தள்ளுபடியானால், அவருடைய வழக்கே பொய் என்று ஆகிவிடாது. கோடெலின் தேற்றம் மனிதனை இயந்திரத்துக்கு மேல் உயர்த்தவில்லை என்பதால், மனிதன் வெறும் இயந்திரம் என்று நிறுவப்பட்டுவிடவில்லை. கணினி கவிதை எழுதுகிறது, சதுரங்கத்தில் வெல்கிறது என்பதும் அதற்கு நிரூபணமன்று.

அவர்கள் தரப்பின் முன்னோடியான ஆலன் டூரிங்கையே எடுத்துக்கொள்வோம். இயந்திரம் சிந்திக்குமா என்று ஆராய்ந்த 1950-ஆம் ஆண்டுக் கட்டுரையில், கோடெல் வழி வாதத்துக்கு அவர் தந்த மறுமொழி நியாயமானது: அத்தகைய எல்லை மனித அறிவுக்கு இல்லை என்பதை எவரும் நிரூபிக்கவில்லையே என்றார். ஆனால் அதே கட்டுரையில், பெண்களுக்கு ஆன்மா இல்லை என்பது முஸ்லிம்களின் கொள்கை என்று போகிற போக்கில் எழுதிச் சென்றார்! நம்பிக்கையாளர்களான ஆண்களையும் பெண்களையும் இணையிணையாக அழைத்து, இருபாலாருக்கும் ஒரே மன்னிப்பையும் மகத்தான கூலியையும் வாக்களிக்கும் அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 35-ஆம் வசனத்தை அவர் பார்த்திருக்கவில்லை. கேள்விப்பட்டதைச் சரிபாராமல் எழுதினார். நம் மார்க்கத்தின்மீது அவர் இழைத்த பிழை நமக்கு வலிக்கிறது. கோடெலின் தேற்றத்தின்மீது அதே பிழையை நாம் இழைக்கும்போது மட்டும் தக்பீர் முழங்கலாமா?

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. எனக்கு அதுவே பெரிதாகத் தோன்றுகிறது. தருக்கத் தேற்றத்தின் உண்மையைக் காணும் திறன்தான் மனிதனை மனிதனாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அத்திறன் இல்லாதவர் நிலை என்ன? என் உம்மா கடைசி மூன்று ஆண்டுகள் மறதிநோயில் இருந்தார். என் பெயரும் அவர் நினைவில் இல்லை. இரண்டும் இரண்டும் எத்தனை என்றும் சொல்ல இயலாது. ஒரு சிறு கணக்குப் பொறியிடம் அவர் தோற்றுப்போயிருப்பார். அதனால் அவர் அந்தப் பொறியினும் தாழ்ந்தவராகிவிட்டாரா? மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை. குழந்தை, உறங்குபவர், சித்தம் தெளியாதவர் ஆகிய மூவரிடமிருந்தும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்று நபிமொழி கூறுகிறது. அவர்களிடமிருந்து நீக்கப்பட்டது கேள்விக்கணக்கு, கண்ணியம் நீக்கப்படவில்லை. உம்மாவைக் குளிப்பாட்டிய என் ராத்தா, முழு மனிதப் பிறவி ஒன்றுக்கே பணிவிடை செய்தார்.

பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். நமக்கு வேண்டிய மூன்று செய்திகளும் அந்த ஒரே அத்தியாயத்தில் இருக்கின்றன. அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம் என்கிறது 36-ஆம் வசனம். ஆதமின் மக்களைக் கண்ணியப்படுத்தியவன் தானே என்று இறைவன் அறிவிப்பது 70-ஆம் வசனம். ரூஹைப் பற்றிக் கேட்போருக்கு, அது இறைவனின் கட்டளை சார்ந்தது, மனிதருக்கு அளிக்கப்பட்ட அறிவோ சொற்பம் என்று விடையளிப்பது 85-ஆம் வசனம். நம் கண்ணியம் இறைவன் தந்தது. இயந்திரத்தோடு போட்டியிட்டு வென்றதன்று. நாளை இதைவிட வல்லமையுடைய கணினி வந்தாலும் அக்கண்ணியத்தில் அணுவளவும் குறையாது.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை கணிதமும் கணினியும் கற்கிறதா? மகிழுங்கள்; நன்றாகக் கற்கச் சொல்லுங்கள். மேடையில் கேட்ட ஒன்று பாடத்தோடு முரண்படுவதாக அவன் கூறினால், “மார்க்க விஷயத்தில் குறுக்கே பேசாதே” என்று அடக்கிவிடாதீர்கள். அவனோடு அமர்ந்து சரிபாருங்கள். பேச்சாளர் தவறியிருந்தால் தவறினார் என்று ஒப்புக்கொள்ளுங்கள். அன்றிரவு நானும் என் மருமகனிடம் அதைத்தான் சொன்னேன்: “நீ சொன்னது சரி. அவர் சொன்னது தவறு. அல்லாஹ் சொன்னது அவருடைய வாதத்தை நம்பி நிற்கவில்லை.” அவன் முகம் தெளிந்தது. மறுநாள் ஃபஜ்ருத் தொழுகைக்கு என்னை எழுப்பியவன் அவனே.

உண்மையை உண்மையான வழியிலேயே எடுத்துரைக்கும் நாவையும், அறியாததை அறியேன் என்று சொல்லும் பணிவையும் வல்ல ரஹ்மான் நமக்கும் நம் சந்ததியினருக்கும் அருள்வானாக. ஆமீன்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.