தேர்த் தொம்பையும் இல்லத்துப் பரிசும்
வண்ணத் துணிகளை உருவங்களாக வெட்டி மற்றொரு துணியின்மேல் பதித்துத் தைத்து, தேர்களில் தொங்கி அசையும் தொம்பைகளை உருவாக்கும் தஞ்சை வட்டாரத்து வித்தை, ரதவீதியோடு நின்றுவிடாமல், நாம் உற்றாருக்கு அளிக்கும் பரிசுகளிலும் பிரகாசிக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். கைவேலைப் பரிசு என்றால் காவிரிக்கரை வெப்பத்திற்குக் கம்பளிப் பின்னல் ஒவ்வாது, பருத்தியே உகந்தது. சிவப்புப் பருத்தித் துணியில் இரண்டு முழம் எடுத்து, ரவிக்கை தைத்து எஞ்சிய மஞ்சள், பச்சைத் துணுக்குகளைச் சோற்றுக் கஞ்சியில் நனைத்து உலர்த்தி, தாமரையாகவும் கிளியாகவும் கத்தரித்து, பிசிர் தெரியாதபடி விளிம்பை உள்மடித்துச் சிவப்புத் துணியின்மேல் ஓட்டுத் தையலிட்டால், ஒரு பிற்பகலுக்குள் வாசல் தோரணம் சித்தமாகிவிடும். வளைகாப்புக்கும் கிருகப்பிரவேசத்துக்கும் பிளாஸ்டிக் மாலைகளை வாங்கிச் செல்லும் நம்மவர், இதைத் தைத்து அளிப்பாராயின், பெறுகிறவர் வாசலில் அது பல பொங்கல்களைக் காணும். ஊசி பிடித்தறியாத ஆடவரும் இத்தையலைச் சுலபமாகப் பயிலலாம், பயில வேண்டும்.