கண்ணாடி மாளிகையும் குற்றால மலையும்

பூந்தோட்டங் காணச் செல்லுதல் இக்காலத்தில் பெரியதோர் யாத்திரையாகிவிட்டது. முன்னர் உதகமண்டலத்திற்கும் பெங்களூருக்கும் சென்றுவந்த நம்மவர் இன்று கடல்கடந்து சிங்கப்பூர் வரையிலும் செல்லுகின்றனர். மீண்டு வந்தோர் ஒருமுகமாய்ப் புகழ்வது அங்குள்ள கண்ணாடி மாளிகைகளையே. "நம் குற்றாலத்திலும் அத்தகையதொன்று எழும்பினால் எத்துணை நன்றாயிருக்கும்!" என்று சிலர் கூறவுங் கேட்கின்றோம். அவ்விருப்பம் தக்கதுதானா என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

கண்ணாடி மாளிகையாவது, செடிக்கு வேண்டிய சீதோஷ்ணத்தை மனிதன் தன் முயற்சியால் உண்டாக்கிக் கொடுக்கும் மனையாகும். குளிர்நாட்டார்க்கே அது முதலில் வேண்டியதாயிற்று. லண்டன் மாநகரைச் சார்ந்த கியூ தோட்டத்தில் 1844 முதல் 1848 வரையில் பனை மாளிகை யொன்றை எழுப்பினர்; தரையின் கீழே கொதிகலன்களை அமைத்து, நிலக்கரியைச் சுரங்க வழியாகக் கொணர்ந்து எரித்து, வெப்பநாட்டுப் பனைகளைப் பனிக்காலத்திலும் வாழச் செய்தனர். அதே 1848-ஆம் ஆண்டில்தான் மக்கைவர் என்பார் உதகையில் அரசினர் தோட்டத்தை அமைக்கத் தொடங்கினார். பெங்களூர் லால்பாக்கின் கண்ணாடி மாளிகைக்கு 1889-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. லண்டன் பளிங்கு மாளிகையை முன்மாதிரியாகக் கொண்ட அது, செடிக்கு வெம்மையூட்டும் மனையாக அன்றி, மலர்க்காட்சி மண்டபமாகவே பயன்பட்டு வருகின்றது.

சிங்கப்பூரிலோ காரியம் தலைகீழானது. கடலைத் தூர்த்த நிலத்தில் 2012-இல் திறக்கப்பட்ட கரையோரப் பூந்தோட்டங்களில் இரு பெருங் கண்ணாடி மாளிகைகள் உள. அங்கே வேண்டுவது வெம்மையன்று, குளிர்ச்சி. மலர் மாளிகை 1.2 ஹெக்டேர் பரப்புடையது. மேகக் காடு என்பது 0.8 ஹெக்டேர். பின்னதனுள் 35 மீட்டர் உயரமுள்ள செயற்கை மலையும், அதனின்று வீழும் அருவியும், மூடுபனியும் அமைத்துள்ளனர். ஒளியை விடுத்து வெப்பத்தைத் தடுக்குங் கண்ணாடி, தரையினுள் ஓடும் குளிர்நீர்க் குழாய்கள் முதலியவற்றால் மக்களும் செடிகளும் இருக்குங் கீழ்ப்பகுதி மட்டும் குளிர்விக்கப்படுகின்றது. அந்நகரத்து மரங்களிலிருந்து கழிக்கப்படும் கிளைகளை எரித்து, அதற்கு வேண்டிய ஆற்றலில் ஒரு பகுதியைப் பெறுகின்றனர். மலையில்லா நாட்டார் தம் அறிவினால் மலையொன்றைச் செய்துகொண்ட இச்செயல் போற்றத்தக்கதே.

அன்றியும், கண்ணாடி மாளிகை வெறுங் காட்சிச்சாலை மாத்திரமன்று. அழியும் உயிர்க்கு அடைக்கலமுமாம். 1895-இல் தென்னாப்பிரிக்க நாட்டு நத்தால் பகுதியில் ஒருவகைச் சைகட் இனத்து மரம் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டது ஓர் ஆண்மரமே. அதன் கன்றொன்று 1899-இல் கியூ தோட்டத்தை அடைந்து, இன்றும் ஆங்கு வாழ்கின்றது. பெண்மரமோ இதுகாறும் எங்குங் கிட்டவில்லை. பக்கக் கன்றுகளாற் பெருகுகின்றதேயன்றி விதையினாற் பெருக அதற்கு வழியில்லை. கண்ணாடி அதனைக் காத்தது. ஆயின் அதன் காட்டையும் துணையையும் மீட்டுத்தர இயலவில்லை. ஆதலின், கண்ணாடி மாளிகை செடிகட்கு மருத்துவமனை போன்றது. பிறந்த வீடு ஆகாது என்பதே எம் கருத்து.

நிற்க. நம் நாட்டு நிலையை நோக்குவோம். வடகரை வயல்வரப்பில் நின்று மேற்கே பார்ப்பார்க்கு, ஆயிரம் மீட்டருக்கும் மேலாக உயர்ந்த மலைத்தொடர் கண்முன் நிற்கும். அடியில் முட்புதர், அதன்மேல் இலையுதிர் காடு, அதற்கும் மேல் என்றும் பசுமை மாறாச் சோலை. ஆனி, ஆடித் திங்களில் மேல்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே முகிலைக் கொணர்ந்து சாரலாய்த் தூவுகின்றது. 35 மீட்டரில் பிறர் பெரும்பொருள் செலவிட்டுக் காட்டுவதை, இம்மலை விலையின்றிக் காட்டுகின்றது. மின்சாரம் ஒருநாள் நின்றால் வாடிப்போகும் தோட்டமன்று இது.

இதன் அருமையை அயலார் முன்னமே அறிந்தனர். ஏறத்தாழ 1800-ஆம் ஆண்டளவில் கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தில் சாதிக்காய், கிராம்பு, இலவங்கம் முதலியவற்றைப் பயிராக்கினர். ராபர்ட் வைட் என்னும் ஸ்காத்லாந்து மருத்துவர் 1830-களில் இம்மலைகளிற் செடிகளைத் தொகுத்தார். 1838 முதல் 1853 வரையில் அவர் வெளியிட்ட இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட படங்களுள் பெரும்பாலானவற்றை வரைந்தோர் ரங்கய்யா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியரே.

இத்தகைய மலையடியில், சாரற் காலத்தில் இலட்சக்கணக்கானோர் வந்து நீராடிச் செல்லுகின்றனர். மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கி உண்கின்றனர். தம் தலைமேல் நிழல்தரும் மரத்தின் பெயரை அறிந்து செல்வோர் எத்தனை பேர்? சிங்கப்பூரிற் செடிதோறும் பெயர்ப்பலகையைப் படித்து வியந்த நம் மாணவரே, ஐந்தருவிப் பாதையில் பத்து மரங்களின் பெயர் கேட்பின் வாய்மூடி நிற்கின்றனர். நமக்குக் குறை கண்ணாடியன்று, கல்வியே.

"மேல்மலைக்கு ஏற யாவர்க்கும் அனுமதியில்லையே, அங்குள்ள செடிகளை எங்ஙனம் காண்பது?" என்று வினவுவாருளர். நேரிய வினாவே. காட்டினுள் கூட்டம் புகாதிருத்தல் காட்டிற்கு நன்று. அதனாலேயே அடிவாரத்தில் ஒரு தோட்டம் வேண்டும் என்கிறோம். ஐந்தருவிக்கு அண்மையில் தோட்டக்கலைத் துறையார் அமைத்துள்ள சுற்றுச்சூழற் பூங்கா இதற்குத் தக்க இடம். அங்கே அயல்நாட்டு அழகுச் செடிகளினும் நம் மலைச்செடிகட்கு முதலிடம் அளித்து, உயரத்தின் வரிசைப்படி நட்டு, ஒவ்வொன்றிற்கும் தமிழ்ப்பெயர், நூற்பெயர், பயன் இவற்றைப் பலகையிற் பொறித்தல் வேண்டும். பெரணிகட்கும் மரத்தில் தொற்றி வளரும் சீதாளிகட்கும் ஒரு நிழல்வலைக் குடிலும் நீர்த்துளி தூவும் குழாயும் போதும், மாளிகை வேண்டா.

இப்பணியில் மிஷன் கல்லூரிகட்குத் தனி உரிமையுண்டு. திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் 1967-இல் ராபினாட் உலர்செடிச் சாலையை நிறுவிய மாத்யூ பாதிரியார், தமிழகச் சமவெளித் தாவரங்களைப் பன்னாள் உழைத்துத் தொகுத்தார். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் மாணிக்கமும் இருதயராசும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பெரணிகளைப் பற்றி 1992-இல் பெருநூல் வெளியிட்டனர். இவ்வறிவு நூலகத்தில் அடங்கிக் கிடத்தலாகாது. பாதையோரப் பலகைகளில் ஏறுதல் வேண்டும்.

பிறநாட்டுக் கண்ணாடி மாளிகைகளைக் காணற்க என்று யாம் சொல்லவில்லை. பொருளும் ஓய்வும் உடையார் கண்டு கற்பாராக. ஆயின் தாவரநூல் பயில்வோரும் பயிலாதோரும் ஆகிய நம் மாணவர், வரும் சாரற் காலத்திற்குள் ஆளுக்குப் பத்து மரங்களின் பெயரை மலையடி ஊர்களின் முதியோரிடங் கேட்டும், ஆசிரியரிடம் ஒத்துப் பார்த்தும் எழுதி வருவாராயின், தோட்டத்தின் முதற் பலகைகள் அதனின்றே எழும்.