படத்துக்கு வெளியே ஒருத்தி

சென்ற மாதம் வந்த ஓர் இதழில், அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் வளாகம் வளாகமாகப் போய்க் கருக்கலைப்புக்கு எதிராகப் பேசிவரும் ஒருவரைப் பற்றிப் பத்துப் பக்கக் கட்டுரை. மாணவர்கள் கூச்சலிட்டுத் தடுத்தார்கள், அவர் கலங்காமல் வாசலில் நின்று பேசினார் என்று சொல்லி, அவரைக் கருத்துரிமையின் தியாகியாக்கி முடிகிறது. போகிற போக்கில் ஒரு வரி: கருவைக் கலைக்கும் உரிமை மேற்கிலிருந்து இறக்குமதியான பேச்சு, தமிழர் அறியாதது. பத்துப் பக்கத்தையும் பொறுத்துக்கொண்டோம். அந்த ஒரு வரியைப் பொறுக்க முடியவில்லை.

எது இறக்குமதி? மெக்காலே வரைந்த இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் நிறைவேறியது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அதையே நீரிணைக் குடியேற்றங்களுக்கும் கொண்டுவந்தார்கள். கருக்கலைப்பைக் குற்றமாக்கும் 312 முதலான பிரிவுகள் எண்கூட மாறாமல் கப்பலேறிப் பினாங்கில் இறங்கின. நாகப்பட்டினத்தில் எது 312ஓ அதுவே ஜார்ஜ்டவுனிலும் 312. இந்தியா 2024 ஜூலையில் அந்தத் தொகுப்பையே மாற்றிவிட்டது. மலேசியாவில் நாம் இன்னும் அந்த எண்களோடுதான் இருக்கிறோம். விக்டோரியா காலத்து லண்டன் வகுத்த ஒழுக்கத்தை நம் மரபு என்று யாராவது எழுதினால் பதில் சொல்லாமல் விட முடியாது.

1929 டிசம்பரில் பெரியார் இதே பினாங்குத் துறைமுகத்தில் வந்து இறங்கினார். ஊர் திரும்பியபின் 1930இல் ‘குடி அரசு’ இதழில் கர்ப்பத்தடை பற்றி எழுதினார். பின்னாளில் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் சேர்ந்த கட்டுரை அது. எங்கள் தலைமுறை அந்தச் சிறு நூலை அட்டை கிழிந்த நிலையில் தோட்டத்து லயங்களில் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தது. அன்று கர்ப்பத்தடையை ஆதரித்தவர்கள் வேறு பலரும் உண்டு. தாயின் உடல்நலம், குடும்பச் செலவு, நாட்டின் வறுமை என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள். பெரியார் அவற்றையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, பெண் சுதந்திரமாக வாழ்வதற்கே அது வேண்டும் என்றார். 1935 டிசம்பரில் அமெரிக்கக் கர்ப்பத்தடைப் போராளி மார்கரெட் சாங்கர் வார்தாவுக்குப் போனபோது காந்தி அவருக்குச் சொன்னது புலனடக்கம். ஐந்தாண்டுக்கு முன்பே ஈரோட்டிலிருந்து வேறொரு பதில் வந்துவிட்டிருந்தது. அவர் பேசியது கருத்தடை, கருக்கலைப்பல்ல என்று குறுக்கிடுவார்கள். சரி. ஆனால் அவர் சொன்ன காரணத்தைப் பாருங்கள்: பெண்ணின் சுதந்திரம். அந்தக் காரணத்தை ஒப்புக்கொண்டபின் எந்த வாரத்தில் அது செல்லாமல் போகிறது என்று காட்ட வேண்டிய பொறுப்பு மறுதரப்புக்கு உண்டு.

கட்டுரை கொண்டாடும் பேச்சாளர் வகைக்கு முன்னோடி, நியூயார்க் மகப்பேறு மருத்துவர் பெர்னார்ட் நாதன்சன். 1969இல் கருக்கலைப்புத் தடைச் சட்டங்களை நீக்கப் போராடும் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஆயிரக்கணக்கான கருக்கலைப்புகள் நடந்த மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பிலும் இருந்தவர். பிறகு மனம் மாறினார். 1984இல் வந்த ‘மௌன அலறல்’ படத்தில் தாமே தோன்றி விளக்கம் சொன்னார். 1996இல் கத்தோலிக்கரானார், 2011இல் மறைந்தார்.

மனம் மாறியதற்காக அவரை நாம் இகழ மாட்டோம். அன்னி பெசன்ட்டும் மாறினார். 1877இல் நாத்திகர் சார்லஸ் பிராட்லாவோடு சேர்ந்து கர்ப்பத்தடை நூலொன்றை வெளியிட்டுக் குற்றவாளிக் கூண்டில் நின்றவர். அதையொட்டித் தம் மகளையே சட்டத்திடம் பறிகொடுத்தவர். பிரம்மஞான சபைக்குப் போனபின், இதே பொருளில் தாம் எழுதிய நூலைத் தாமே விற்பனையிலிருந்து நிறுத்தினார். அவரது முதல் துணிவை நாம் இன்றும் நேசிக்கிறோம். இரண்டாவது முடிவில் உடன்பாடில்லை, ஆனாலும் அது அவர் தம் வாழ்வை வைத்து எடுத்த முடிவு.

நாதன்சன் படத்தில் நம்மை உறுத்துவது வேறு. ஸ்கேன் திரையில் பன்னிரண்டு வாரக் கரு ஒன்று அசைகிறது. மருத்துவர் சுட்டிக்காட்டிப் பேசுகிறார். அந்தக் கருவைச் சுமந்தவள் யார், ஏன் வந்தாள், முடிந்ததும் எந்த வீட்டுக்குத் திரும்பினாள்? அவள் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. அவள் வயிறு மட்டும் படத்தில் இருக்கிறது.

பேச்சாளருக்குப் பேச உரிமை வேண்டுமா? வேண்டும். நாம் அவரோடு விவாதிப்போம், கதவைப் பூட்ட மாட்டோம். பூட்டிய கதவு எப்படியிருக்கும் என்று 1971ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தின்கீழ்ப் படித்தவர்களுக்குத் தெரியும். கட்சி அரசியலில் மாணவர் ஆதரவும் எதிர்ப்பும் காட்டக்கூடாதென்ற அதன் விதி அரசியலமைப்புக்கு முரணானது என்று 2011 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகும், 2014 அக்டோபரில், எதிர்க்கட்சித் தலைவர் பேச வருகிறார் என்று மலாயாப் பல்கலைக்கழக வாசலைப் பூட்டினார்கள். மாணவர்கள் தள்ளித் திறந்தார்கள். அந்த வாசலைப் பற்றி நாங்கள் ஒரு தலையங்கம் முழுக்க எழுதினோம்.

அதே அக்டோபரில் பினாங்குப் பாலத்துக்கு அப்பால், புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கிளினிக்கில் நடந்த சோதனையில், இங்கே வேலைக்கு வந்த நேப்பாளப் பெண் ஒருத்தி, கருவைக் கலைத்தாள் என்று கைதானாள். 315ஆம் பிரிவு. ஓராண்டுச் சிறை. 2015 ஜனவரியில் பினாங்கு உயர் நீதிமன்றம் அவளை விடுவிக்கும்வரை உள்ளேதான் இருந்தாள். இத்தனைக்கும் 1989இல் 312ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்குச் சேர்க்கப்பட்டிருந்தது: பதிவுபெற்ற மருத்துவர், கர்ப்பம் தொடர்வதால் பெண்ணின் உயிருக்கோ, உடல்நலத்துக்கோ, மனநலத்துக்கோ வரும் தீங்கு அதைக் கலைப்பதால் வருவதைவிட அதிகம் என்று நல்லெண்ணத்தோடு கருதினால், கலைப்பது குற்றமாகாது. அவளைப் பற்றி அந்த மாதம் நாங்கள் ஒரு வரி எழுதவில்லை. அந்தக் குற்றம் எங்களுடையது.

அவள் கருவை வைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிறையில் ஒரு விடுதியில் சிப்ட் முடிந்து வந்த பெண்ணொருத்தி, கட்டிலுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் உறையை இழுத்துத் தன் மருத்துவச் சோதனைத் தாளைக் காட்டினாள். காசநோய், தொழுநோய், மலேரியா, எச்.ஐ.வி. என்று போகிற அதே பட்டியலில் கர்ப்பமும் ஒன்று. தாளை மடித்த இடம் நைந்து போயிருந்தது. தேறாவிட்டால் பெர்மிட் இல்லை, ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். தரகருக்குக் கொடுக்க வாங்கிய கடன் ஊரில் அப்படியே இருக்கும். பெற்றால் நாடு கடத்தல், கலைத்தால் சிறை என்று இருபுறமும் சுவர் எழுப்பி வைத்துவிட்டு, உயிரின் புனிதம் பற்றி நமக்குப் பத்துப் பக்கம் தருகிறார்கள். உயிர் புனிதமென்றால் முதலில் அந்தத் தாளிலிருந்து கர்ப்பத்தை எடுக்கச் சொல்லி எழுதட்டும். நாமும் கையெழுத்திடுவோம்.

312ஆம் பிரிவின் விதிவிலக்கைத் தமிழிலும் நேப்பாளியிலும் ஒரே தாளில் அச்சிட்டு அடுத்த இதழோடு இணைக்கிறோம். பிறையிலும் பாயான் லெப்பாஸிலும் இருக்கும் வாசகர்கள் அதைத் தனியே கிழித்தெடுத்து விடுதிகளில் கொடுத்துவிடுங்கள்.