சக்கர நாற்காலித் தானம்

தானம் செய்வோரின் மனம் தூயதாயிருத்தல் மட்டும் போதாது. தரும் பொருள் பெறுவோருக்குப் பொருந்துவதாயும் இருத்தல் வேண்டும். சட்டை சற்று நீளமாயின் கையை மடித்துக்கொள்ளலாம். உடலுக்கு ஒவ்வாத சக்கர நாற்காலியோ உயிரையே குடித்துவிடும். இது மிகைக் கூற்றன்று. முதுகுத் தண்டு முறிந்தவனுக்கு இடுப்பின் கீழ் உணர்ச்சி இராது. மெத்தையின்றி நாள் முழுதும் ஒரே நிலையில் அழுந்தி அமர்ந்திருப்பானாயின் தசை கன்றிப் புண்ணாகும். வலியில்லாமையால் அவன் அதை அறியான். புண் ஆழ்ந்து, விஷம் இரத்தத்திற் கலந்தபின் வைத்தியரைத் தேடுவதில் பயன் என்ன?

சக்கர நாற்காலி தேவைப்படுவோர் உலகில் சுமார் 8 கோடிப் பேர் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. தேசத்துக்குத் தேசம் மாறுபட்டு, அவர்களில் நூற்றுக்கு 5 முதல் 35 பேருக்கே அது கிட்டுகிறது. ஆகவே செல்வ நாடுகளில் உள்ள தரும சிந்தையுடையோர் நாற்காலிகளைக் கப்பலேற்றி அனுப்புவதை நாம் இகழ முற்படவில்லை. ஷெண்டார்ஃபர் என்ற அமெரிக்க எஞ்சினீயர் 2001-ல் ஆரம்பித்த தரும ஸ்தாபனம், தோட்டத்திற் போடும் வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலிக்குச் சைக்கிள் சக்கரம் பூட்டி அனுப்பத் தொடங்கி, இதுவரை பத்து லட்சத்துக்கு மேற்பட்ட நாற்காலிகளை வழங்கியிருக்கிறது. மண்ணில் ஊர்ந்து திரிந்தவனுக்கு அது பெரும் விடுதலையே. அன்னாரே பின்னர் அளவு மாற்றத்தக்க நாற்காலிகளைச் செய்ய முற்பட்டது, முதல் யோசனையின் குறையைக் காட்டுகிறது. தம் குறையைத் தாமே திருத்திக்கொள்ளும் தருமவான்கள் அரியர். அதற்காக அவரைப் பாராட்டுகிறோம்.

ஆஸ்பத்திரிகள் கழித்துவிட்ட பழைய நாற்காலிகளைத் திரட்டி அனுப்புவோர் விஷயம் வேறு. வழுவழுப்பான தரைக்கென்று செய்யப்பட்ட அவற்றின் சிறிய முன்சக்கரங்கள் மணலிற் புதையும், சேற்றிற் சிக்கும், கல்லில் இடறி அமர்ந்திருப்பவனை முகங்குப்புறத் தள்ளும். ஒரு பேரிங் தேய்ந்துபோனால் அவ்வூர்க் கடையில் மாற்றுக் கிடைக்காது. சில மாதங்களில் நாற்காலி மூலையிற் கிடக்கும். மனிதன் பழையபடி தரையிற் கிடப்பான். கப்பலேற்றிய நாளில் எடுத்த புகைப்படம் மட்டும் தானம் செய்தோர் கூடத்தில் அழகாகத் தொங்கும்!

நிகராகுவாவில் நடந்ததை இவர்கள் அறிதல் நலம். 1966-ல் மோட்டார் சைக்கிள் விபத்தினால் கால்கள் செயலிழந்த ரால்ஃப் ஹாட்ச்கிஸ் என்ற அமெரிக்க எஞ்சினீயர், 1980-ல் அத்தேசம் சென்றார். அங்கே கால் இயங்காத இளைஞர் நால்வர் ஒரே நாற்காலியைப் பங்கிட்டுக்கொண்டிருந்தனர். அதைத் தம் கைப்படப் பழுது பார்த்து ஓட்டியும் வந்தனர். அவர் அவர்களுக்குப் பிச்சையிடவில்லை. அவர்களோடு உட்கார்ந்து வேலை செய்தார். உள்ளூரில் அகப்படும் இரும்புக் குழாயும் சைக்கிள் சாமான்களும் கொண்டு, உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்யத்தக்க நாற்காலிகள் இத்தகைய உழைப்பிலிருந்து உருவாயின. மணலிற் புதையாத அகன்ற ரப்பர் முன்சக்கரத்துக்கு ஜிம்பாப்வே சக்கரம் என்றே பெயர். அத்தேசத்துப் பட்டறை தந்த யோசனை அது. கொடுப்பவர் வடக்கே, வாங்குபவர் தெற்கே என்ற எண்ணம் இங்கே எவ்வாறு நிலைக்கும்?

உலக சுகாதார ஸ்தாபனம் 2008-ல் வெளியிட்ட நெறிமுறைகளும் ஆளைப் பார்த்து அளவெடுத்தல், பொருத்திச் சரிபார்த்தல், உபயோகிக்கப் பழக்குதல், பின்னர் பழுது பார்த்தல் ஆகியவற்றை வற்புறுத்துகின்றன. இவற்றுக்குப் பணம் தர விரும்புவோர் சிலரே. பழுது பார்ப்பவனின் சம்பளத்தைப் புகைப்படம் எடுக்க முடியாதன்றோ! ஆயிரம் நாற்காலி அனுப்ப உத்தேசிப்போர் எண்ணூறோடு நிறுத்தி, மீதித் தொகையை அவ்வூரில் மெத்தைக்கும், உதிரிச் சாமான்களுக்கும், இரண்டு தொழிலாளரின் பயிற்சிக்கும் கொடுப்பாராக. அத்தொழிலாளரில் ஒருவர் சக்கர நாற்காலியிலேயே அமர்ந்து வேலை செய்பவராயிருத்தல் வேண்டும்.