அறைக்கு வாடகை, அடுப்புக்கு?

சுற்றுலா விளம்பரங்களில் குடகு மலையின் காலைப்பொழுது பனிமூட்டத்தோடும் ஆவி பறக்கும் காப்பியோடும் விடிகிறது. அந்தக் காப்பியைப் போட்டவர் எத்தனை மணிக்கு எழுந்தார் என்பது விளம்பரத்தில் வராது. பெரும்பாலும் ஐந்து மணிக்கு. குளிக்க வெந்நீர் வைக்க வேண்டும். கடம்புட்டுக்கு அரிசி நொய்யைக் கிண்டி, உருண்டை பிடித்து ஆவியில் வேகவைக்க வேண்டும். பறவை பார்க்க விடிகாலையில் கிளம்புகிறவர்களுக்கு ஏதாவது கையில் கொடுத்தனுப்ப வேண்டும். எட்டு மணிக்கு மேல் எழும் இன்னொரு குடும்பத்துக் குழந்தை இட்லிதான் வேண்டும் என்று அடம் பிடிக்கும். பன்றிக் கறியில் கச்சம்புளி கொதிக்கும் சமையலறையிலேயே சைவ விருந்தினருக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி.

காப்பித் தோட்டத்து வீடுகள் ‘ஹோம்ஸ்டே’ ஆனதற்கு சுற்றுலா மோகம் மட்டும் காரணமல்ல. சர்வதேசக் காப்பி ஒப்பந்தத்தின் ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறை 1989இல் நின்றுபோனது. பிறகு வியட்நாமின் விளைச்சல் பெருகி உலகச் சந்தையை நிறைத்தது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் விலை அதலபாதாளத்துக்குப் போனபோது, குடகிலும் வயநாட்டிலும் தோட்டக்காரர்கள் பலர் மாற்று வருமானம் தேடினார்கள். கல்யாணமாகிப் போன மகளின் அறையும் பட்டணத்தில் வேலை பார்க்கும் மகனின் அறையும் வெள்ளையடிக்கப்பட்டன. காப்பி கைவிட்டது, வீடு கைகொடுத்தது. வீட்டைத் திறந்துவிட முடிவெடுத்தவர் பெரும்பாலும் குடும்பத் தலைவர். நடத்துகிறவர் அவருடைய மனைவி.

தோட்டத்துக்கும் இந்தத் தொழிலுக்கும் நாள்காட்டி ஒத்துப்போவதில்லை. டிசம்பரில் அராபிகா பறிப்பு மும்முரமாக இருக்கும். களத்தில் காயும் பழத்தைப் புரட்ட ஆள் தேடி அலையும் அதே வாரத்தில்தான், கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து கார்கள் வந்து வாசலில் நிற்கும். மழைக்காலத்தின் தலைவலி வேறு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை படுக்கை விரிப்பு காயாது. அடுப்பங்கரையில் கொடி கட்டி உலர்த்தினால் புகை வாசம் பிடிக்கும். விருந்தினர் ஊர் திரும்பிய மறுநாள் இணையத்தில் ஒரு நட்சத்திரம் குறையும். அட்டை கடித்ததற்கும் மின்சாரம் போனதற்கும் அவரே பதில் சொல்ல வேண்டும். வண்டி ஓட்டி வந்தவருக்குச் சாப்பாடும் படுக்க இடமும் தருவதா என்பதையும் அவர்தான் முடிவு செய்ய வேண்டும். பல விருந்தினர்கள் அதைப் பற்றி யோசிப்பதே இல்லை.

ஒரு பருவம் முழுவதும் ஆளே வராமல் போவதும் உண்டு. 2018 ஆகஸ்டில் குடகில் பெருமழையும் மண்சரிவும் ஏற்பட்டபோது பயணிகள் வருகைக்கு மாவட்ட நிர்வாகம் தற்காலிகத் தடை விதித்தது. 2020இல் கொரோனா ஊரடங்கு. அறைகள் காலியாகக் கிடந்தன. அவற்றைக் கட்ட வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் ஓடியது.

பழந்தமிழில் ‘விருந்து’ என்பது இலை போட்டுப் பரிமாறும் சாப்பாடு மட்டுமல்ல. அதற்குப் புதுமை என்று பொருள். தொல்காப்பியம் அந்தப் பொருளில் அச்சொல்லை ஆள்கிறது. முன்பின் அறியாமல் புதிதாக வருகிறவரே விருந்தினர். சித்தப்பாவும் மைத்துனரும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அந்த வகையில் ஹோம்ஸ்டே, சொல்லின் பழைய பொருளை மீட்டுத் தந்திருக்கிறது. ஒரு வித்தியாசம்: பழைய விருந்து எப்போதாவது வந்தது. இந்த விருந்து வாராவாரம் வருகிறது, முன்பணம் கட்டிவிட்டு வருகிறது, குறை சொல்லும் உரிமையோடு வருகிறது.

தங்கும் இடமும் காலை உணவும் தரும் வீடுகளுக்கான மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்தில் நல்ல நிபந்தனை ஒன்று உண்டு. வாடகைக்கு விடும் அறைகள் ஒன்றுக்குக் குறையாமலும் ஆறுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். 12 படுக்கைக்கு மேல் கூடாது. உரிமையாளர் தன் குடும்பத்தோடு அங்கேயே வசிக்க வேண்டும். லாட்ஜையும் வீட்டையும் பிரிக்கும் கோடு இதுதான். முதலாளி நகரத்தில் இருக்க, சம்பள மேனேஜர் நடத்தும் கட்டடங்களும் ‘ஹோம்ஸ்டே’ பலகை மாட்டிக்கொள்ளும் காலத்தில் இந்தக் கோடு அவசியமானது. ஆனால் வீட்டில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையை நிறைவேற்றுபவர் யார்? கணவர் சந்தைக்கும் சங்கக் கூட்டத்துக்கும் போய்வரலாம். தங்கை வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் நாளே போக முடியாதவர் மனைவிதான்.

வாடகை நிர்ணயிக்கும்போது மின்கட்டணம், மளிகை, சலவை, இணையத் தளங்களுக்குத் தரும் கமிஷன் எல்லாம் கூட்டப்படுகின்றன. அவருடைய உழைப்பு மட்டும் கூட்டலில் வருவதில்லை. ஒரு லாட்ஜில் சமையல்காரருக்குச் சம்பளம் உண்டு, வரவேற்பாளருக்கு உண்டு, அறை சுத்தம் செய்பவருக்கு உண்டு. இங்கே மூன்று வேலையும் ஒருவர் தலையில். மாதக் கடைசியில் லாபம் என்று குடும்பம் மகிழும் தொகையில் பெரும் பகுதி, உண்மையில் அவருக்குக் கொடுக்கப்படாத சம்பளம்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. லடாக்கின் ஹெமிஸ் தேசியப் பூங்காவில் உள்ள ரும்பக் போன்ற கிராமங்களில், பனிச்சிறுத்தைப் பாதுகாப்பு முயற்சியின் பகுதியாக 2000களின் தொடக்கத்தில் ஹோம்ஸ்டே தொடங்கியது. ஆடுகளைக் கொன்று பகையாளியான விலங்கு, தன்னைக் காண வருகிறவர்கள் மூலம் வருமானம் தந்தது. அங்கே வீடுகள் முறைவைத்து விருந்தினரை ஏற்றுக்கொள்கின்றன. வீட்டுக்கு வீடு போட்டி இல்லை. ஒரு வீட்டின் முறை முடிந்தால் அந்த வீட்டு அடுப்புக்குச் சற்று ஓய்வு. உத்தராகண்டில் முன்சியாரியை ஒட்டிய சர்மோலியில், பஞ்சசூலி சிகரங்களைப் பார்த்தபடி பெண்களே இதை நடத்துகிறார்கள். வருமானத்தில் ஒரு பங்கு காட்டைப் பராமரிக்கும் வன பஞ்சாயத்துக்குப் போகிறது. 2023இல் மத்திய அரசு அதைச் சிறந்த சுற்றுலா கிராமமாகத் தேர்ந்தெடுத்தது.

இப்போது அரசின் பார்வை இந்தத் தொழில் மீது விழுந்திருக்கிறது. ஹோம்ஸ்டேக்களுக்கு முத்ரா கடன் என்று 2025 பிப்ரவரி பட்ஜெட் அறிவித்தது. பழங்குடிப் பகுதிகளில் 1,000 ஹோம்ஸ்டேக்களை உருவாக்கும் திட்டத்தில் புதிதாக அறை கட்ட 5 லட்சம் ரூபாய் வரையும், இருப்பதைச் சீரமைக்க 3 லட்சம் வரையும் உதவி உண்டு. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் இந்தக் கணக்கில் இருப்பவை சுவர்களும் கழிப்பறைகளும். பதிவுச் சான்றிதழிலும் வங்கிக் கணக்கிலும் வீட்டுப் பெண்ணின் பெயரும் இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் அரசுக்குச் செலவு ஒன்றுமில்லை. வாடகையில் அவர் சம்பளத்தைத் தனியாக எழுதிப் பார்க்கக் குடும்பத்துக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கட்டணம் சற்று உயரலாம். லாட்ஜில் அதைவிட அதிகம் கேட்டாலும் பேசாமல் கொடுக்கும் பயணிக்கு அது பெரிய பாரமாகாது.

மாதத்தில் நாலு நாளாவது ‘இன்று அறை இல்லை’ என்று சொல்ல அவருக்கு முடிய வேண்டும். அப்படிச் சொல்ல முடிகிற வீட்டில்தான் மற்ற நாட்களில் வரவேற்பு மனதிலிருந்து வரும்.