மேடையில் கொடுத்த ஆணை எங்கே, ஆட்சியர் அவர்களே?

மதிப்புக்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து கல்லூரி திறக்கும் வரை என் வீட்டுத் திண்ணையில் ஏதாவது ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கும். வருமானச் சான்றுக்கு யாரைப் பார்ப்பது, முதல் பட்டதாரிச் சான்றுக்கு அண்ணனுடைய டி.சி.யும் வேண்டுமா, வித்யாலட்சுமி தளத்தில் எந்த வங்கியைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். படித்தவனுக்கே தலை சுற்றுகிற வேலை. அவர்களோ ஒவ்வொரு அலுவலகப் படியையும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் ஏறுகிறார்கள்.

இந்த மடலில் உள்ளது எதுவும் தங்களுக்குப் புதிதல்ல. மக்கள் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று மனுவாகக் கொடுத்தோம். முன்னோடி வங்கி மேலாளருக்கும் எழுதினோம். பதில்கள் வராமல் இல்லை, வந்தன. வந்த பதிலைப் படித்த பிறகுதான் இதை ஊரறிய எழுதுவது என்று முடிவு செய்தேன்.

கல்விக் கடன் விதிகளைத் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 4 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது என்று சென்ற ஆண்டு முகாமில் தாங்களே ஒலிபெருக்கியில் சொன்னீர்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வங்கி அதிகாரிகள் கை தட்டினார்கள். அதே மேடையில் தங்கள் கையால் ஆணை வாங்கிய ஒரு பெண்ணைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என்னிடம் படித்தவள். அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறார், அப்பா காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். எட்டாம் வகுப்பு வரை எங்கள் பள்ளியில் படித்த ஒரே குற்றத்துக்காக, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான, அரசே கட்டணம் முழுவதையும் ஏற்கிற 7.5 சதவீத ஒதுக்கீடு அவளுக்குக் கிடைக்கவில்லை. (ஊரில் அப்போது வேறு பள்ளியே கிடையாது. அது தனிக் கதை.) கலந்தாய்வில் நல்ல தனியார் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. முதல் பட்டதாரி சலுகையில் ஒரு பகுதி கழிந்தது. மீதிக் கட்டணம், விடுதி, புத்தகம் எல்லாம் சேர்த்து நான்கு ஆண்டுக்கு 3.6 லட்சம் ரூபாய் கடன் கேட்டு விண்ணப்பித்தோம். கேட்ட தாள் அத்தனையும் கொடுத்தாயிற்று.

முகாமுக்கு முதல் நாள் வங்கிக் கிளையிலிருந்தே போன் வந்தது: "லோன் சாங்ஷன் ஆயிருச்சு, நாளைக்கு கலெக்டர் ஆபீஸ் வந்துருங்க." அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போகாமல் வந்தார்கள். பெயர் கூப்பிட்டார்கள், மேடை ஏறினாள். தாங்கள் ஆணையைக் கொடுத்து, "நல்லா படிம்மா" என்றீர்கள். புகைப்படம் எடுத்தார்கள். பின்பக்கப் படியில் இறங்கியதும் ஒரு ஊழியர் கை நீட்டி அந்த அட்டையை வாங்கிக்கொண்டார். ஒரிஜினலை பிராஞ்சில் தருவார்களாம். அதே அட்டைதான் தனக்குப் பின்னால் வந்த பையனுக்கும் போயிற்று என்கிறாள் அவள்.

கிளைக்குப் போனால், "அது முகாமுக்குக் குடுத்ததும்மா, இன்-பிரின்சிபிள்தான்" என்றார் மேலாளர். அப்பாவின் சிபில் ஸ்கோர் குறைவாம். 2020 ஊரடங்கில் மார்க்கெட் மூடிக் கிடந்தபோது மோட்டார் சைக்கிள் கடனுக்குச் சில தவணைகள் தவறியிருந்தன. பிறகு முழுவதையும் கட்டி, பாக்கியில்லை என்ற சான்றும் வாங்கி வைத்திருந்தார். அதைக் காட்டினோம். அடுத்த முறை, "எஃப்.டி. ஏதாச்சும் இருக்கா? இன்சூரன்ஸ் பாலிசி?" சித்தாளிடம் எஃப்.டி. இருக்கிறதா என்று கேட்கிற துணிச்சல் எல்லோருக்கும் வராது.

இதற்குள் கல்லூரியில் கெடு வைத்துவிட்டார்கள். பணம் கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் இல்லை. மேலாளரிடம் போய் அழுதார் அந்தத் தாய். அவரும் மனிதர்தானே, வழி சொன்னார்: "நகை இருந்தா வைங்கம்மா, இன்னைக்கே பணம் ஆயிரும்." தாலிச் சங்கிலியைக் கழற்றி மஞ்சள் கயிறு மாட்டிக்கொண்டு வந்தார். கல்விக் கடனுக்கு மாதக்கணக்கில் நகராத அதே கிளையில் சாப்பாட்டு நேரத்துக்குள் பணம் கைக்கு வந்துவிட்டது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கல்விக் கடன் கிடைத்திருந்தால் அந்தக் குடும்பத்துக்குப் படிப்புக் காலத்திலும் அதற்கு மேல் ஓராண்டும் வட்டி கிடையாது. ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசே வட்டியைக் கட்டிவிடுகிறது. இவர்கள் வருமானம் அதற்குப் பக்கத்தில்கூட இல்லை. அந்தச் சலுகைக்குக் கேட்கிற நாக் அங்கீகாரமும் கல்லூரிக்கு உண்டு. இப்போது முதலாண்டு முடிவதற்குள்ளேயே நகைக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நகை ஏலத்துக்குப் போய்விடக் கூடாதே என்று அப்பா இரவு லோடுக்கும் போகிறார்.

இதைத்தான் மனுவாகத் தந்தோம். மனு தங்கள் அலுவலகத்திலிருந்து முன்னோடி வங்கிக்குப் போயிற்று. அங்கிருந்து, யாரைப் பற்றிப் புகார் சொன்னோமோ அதே மேலாளரின் மேசைக்கு இறங்கியது. மாமியார் கொடுமை என்று மருமகள் கொடுத்த புகாரை விசாரிக்கும்படி மாமியாரிடமே அனுப்பிய கதை. அவர் ஒரே வரியில் எழுதினார், அந்த வரி அப்படியே மேலே ஏறித் தங்கள் அலுவலக முத்திரையோடு எங்களுக்கு வந்து சேர்ந்தது. விண்ணப்பதாரருக்குக் கடன் பெற விருப்பமில்லையாம், எனவே மனு முடித்து வைக்கப்படுகிறதாம்.

"சார், நான் எப்ப சார் விருப்பமில்லன்னு சொன்னேன்?" என்று அவள் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. நீங்கள் சொல்லுங்கள்.

வங்கிகள் என் கட்டுப்பாட்டில் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். காலாண்டுக்கு ஒருமுறை வங்கியாளர் கூட்டத்தில் தலைமை நாற்காலியில் உட்காருவது நீங்கள்தான். முகாம் நடந்த அன்று, இத்தனை மாணவர்களுக்கு இத்தனை கோடி என்று செய்திக் குறிப்பு கொடுத்ததும் உங்கள் அலுவலகம்தான். அந்த எண்ணிக்கையில் இவளும் ஒருத்தி, அந்தக் கோடியில் இவளுடைய 3.6 லட்சமும் இருக்கிறது. விருப்பமில்லை என்று மனுவை மூடினீர்களே, கணக்கிலிருந்து கழித்தீர்களா? முகாமில் கொடுத்த ஆணைகளில் எத்தனைக்குக் கல்லூரிக் கணக்கில் பணம் ஏறியது என்று எந்தக் கூட்டத்திலாவது கேட்டீர்களா? கேட்டிருந்தால் அந்தப் பட்டியலை வெளியிடுங்கள். கேட்கவே இல்லையென்றால் அன்று அங்கே நடந்தது கடன் முகாம் அல்ல, போட்டோ எடுக்கும் விழா.

இந்த ஆண்டு முகாமுக்குச் சுவரொட்டி ஒட்டிவிட்டார்கள், பார்த்தேன். எங்கள் தெருவில் இரண்டு பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். முகாமுக்குப் போகலாம் என்று சொன்னேன். "அங்க போய் என்ன சார், போட்டோதான் புடிப்பாங்க" என்றார் ஒரு தகப்பன். மைக்ரோ ஃபைனான்ஸ்காரன் வீட்டுக்கே வந்து பணம் தருகிறானாம், அது மேலாம். அவருக்குப் புத்தி சொல்ல என்னிடம் எதுவும் மிச்சமில்லை.

முகாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. மேடையைக் கடைசியில் போடுங்கள் என்கிறேன். பணம் கல்லூரிக்குப் போய்ச் சேரட்டும், அப்புறம் கூப்பிட்டு மாலைகூடப் போடுங்கள். பிள்ளைகள் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள், புகைப்படக்காரர் கொஞ்சம் காத்திருக்க மாட்டாரா? புகாருக்கு உள்ளானவரின் ஒரு வரியை வாங்கி மனுவை மூடுவதற்கு முன்னால் அந்தப் பெண்ணை ஒருமுறை போனில் கூப்பிட்டுக் கேட்கக் கூடாதா? அவளுடைய எண் மனுவிலேயே இருக்கிறது.

இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி இந்த மாதம் 30. அந்த வீட்டில் அடகு வைக்க இனி நகை இல்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர்